உடம்பில் படாத பட்டு

செய்யார்
16.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு ஹேமா எழுதிக்கொள்வது. நீங்கள், அண்ணி, சிவசங்கரி மூன்று பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அவரும் துர்காவும் சுகம். என்னைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

செல்போன் காலத்தில் இன்லண்டு லெட்டரா என்று போஸ்ட்மேன் உங்களைக் கேலி செய்வார். செய்யட்டும். பவர்லூம் ஷெட்டில் காதைக் கொடுத்துவிட்டு வந்த உங்களோடு போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டியிருக்கிறது. சிவசங்கரி செல்லுக்கு மெசேஜ் போட்டால் அவள் படித்துவிட்டுத்தான் உங்களிடம் காட்டுவாள். கல்யாணப் பேச்சு நடக்கிற பெண்ணுக்கு அத்தையின் நோவுக் கதை எதற்கு?

மூன்று வருஷமாக எனக்கு உடம்பெல்லாம் வலி என்பது உங்களுக்குத் தெரியும். எடுக்காத எக்ஸ்ரே இல்லை, கொடுக்காத ரத்தம் இல்லை. எல்லா ரிப்போர்ட்டிலும் நார்மல். ஷூ கம்பெனியில் எங்கள் லைன் சூப்பர்வைசர் சுதாகர், "நார்மல்னா வேலையப் பாரும்மா" என்பார். வீட்டில் இவரும் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, மனசில் அதே எண்ணம்தான்.

போன மாதம் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கென்று தனியாக இருக்கிற டாக்டரம்மாவிடம் போனோம். என் வயசுதான் இருக்கும். கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு என்று அமுக்கிப் பார்த்தார். எப்படித் தூங்குகிறேன், காலையில் எழுந்தால் எப்படி இருக்கிறது, எதெல்லாம் மறந்துபோகிறது என்று உட்கார வைத்துக் கேட்டார். யாரும் இதையெல்லாம் கேட்டதில்லை அண்ணா. நான் அழுதுவிட்டேன்.

ஃபைப்ரோமயால்ஜியா என்று பேர் சொன்னார். துர்கா எழுதி வாங்கிக்கொண்டாள். "உங்க வலி நிஜம்மா. எலும்புல, ரத்தத்துல ஒண்ணும் இல்ல. வலியைச் சொல்ற நரம்பும் மூளையும் எல்லாத்தையும் பெருசாக்கிச் சொல்லுது" என்றார். உங்கள் காதுக்கு நேர் எதிர். உங்களுக்குக் கத்தினாலும் கேட்கவில்லை, என் உடம்புக்குக் கிசுகிசுத்தாலும் இடி மாதிரி கேட்கிறது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் பங்கு பிரித்துக்கொண்டோம்.

இது ஒரே மாத்திரையில் போகாதாம். ஆளைக் கொல்லவும் கொல்லாதாம். கூடவே வைத்துக்கொண்டு வாழக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். வியாழக்கிழமைதோறும் வரச் சொல்லியிருக்கிறார்.

அண்ணியிடம் மெதுவாகச் சொல்லுங்கள். உங்கள் கடிதம் வரும் வரை வாசலைப் பார்த்திருப்பேன்.

உங்கள் தங்கை
ஹேமலதா


ஆரணி
2.3.2025

பிரியமுள்ள தங்கை ஹேமாவுக்கு அண்ணன் சுப்பராயலு ஆசீர்வாதத்துடன். இங்கு தறியும் தறிக்காரனும் சௌக்கியம். உன் உடம்பு தேறியிருக்க வேண்டுமென்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

அந்த நோயின் பேரைச் சொல்லப் போய் எனக்குப் பல் சுளுக்கிக்கொண்டது. ரிப்போர்ட்டில் இல்லாத நோய் எங்கேம்மா இருக்கும்? நல்ல சாப்பாடு இல்லை, நல்ல தூக்கம் இல்லை, கம்பெனியில் பசை நாற்றம், அவ்வளவுதான். நூல் அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்ணுக்குத் தெரியும். தெரியாவிட்டால் அறவில்லை என்று அர்த்தம்.

சின்னதுரை வைத்தியரிடம் சொல்லித் தைலம் காய்ச்ச வைத்திருக்கிறேன். சேவூர் பையன் ஒருவன் செய்யார் கம்பெனி பஸ்ஸில் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். யாரையாவது விட்டு அழுத்தித் தேய்க்கச் சொல். முடக்கத்தான் கீரையை அரைத்து தோசை வார். வாரம் ஒருமுறை ஆட்டுக்கால் சூப். படவேட்டு அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டாள் உன் அண்ணி.

இப்போது நல்ல சேதி. சிவசங்கரிக்கு இடம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை பேர் கோகுல்ராஜ், சேவூர்தான், நம் நெசவுக் குடும்பம். வைகாசியில் நிச்சயம், ஆவணியில் கல்யாணம். எனக்குக் கூடப்பிறந்தவள் நீ ஒருத்தி. முதல் நலங்கு உன் கைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்திருக்க முடியவில்லை. உன் கல்யாணத்தில் நீ கடையில் வாங்கின புடவைதான் கட்டினாய். நான் அப்போது பவர்லூம் ஷெட்டில் அடுத்தவனுக்குத் துணி ஓட்டிக்கொண்டிருந்தேன். நெசவுக்காரன் தங்கைக்குக் கடைப் புடவையா என்று ஒரு கிழவி கேட்டாள். அப்போது எனக்குக் காது நன்றாகவே கேட்கும். இந்தக் கல்யாணத்துக்கு நீ கட்டும் புடவை என் தறியில், என் கையால். அரக்கு உடம்பு, மயில்கழுத்துப் பார்டர், முந்தி நிறைய ஜரிகை. முதலாளியிடம்கூடச் சொல்லாமல் தனிப் பாவு போட்டுவிட்டேன்.

உன் வீட்டு மாப்பிள்ளைக்கும் துர்காவுக்கும் என் அன்பு. தைலத்தை மறக்காதே.

அண்ணன்
சுப்பராயலு


செய்யார்
30.3.2025

அன்பான அண்ணனுக்கு ஹேமாவின் வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்துச் சந்தோஷம். சிவசங்கரிக்குக் கல்யாணம் என்று படித்ததும் துர்கா வீட்டுக்குள்ளேயே ஒரு குதி குதித்தாள். வீட்டில் எல்லோரும் சுகம். நான் பரவாயில்லை.

தைலம் வந்து சேர்ந்தது. வாசனை தெருவெல்லாம். சுகமாக இருந்தது, வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை வகுப்புக்குத் தவறாமல் போகிறேன். வகுப்பு என்றால் சிரிக்காதீர்கள், நிஜமாகவே வகுப்புதான். பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்காருவோம். மூச்சை எப்படி விடுவது என்று ஒரு பெண் சொல்லித் தருகிறாள். நாற்பது வருஷமாகத் தப்பாக விட்டிருக்கிறேன் போலிருக்கிறது. படுக்கிறதும் எழுகிறதும் தினமும் ஒரே நேரம். ராத்திரிக்குச் சின்னதாக ஒரு மாத்திரை. காலையில் வெந்நீர். தெருக் கோடி வரை மெதுவாக நடை, மறுவாரம் இன்னும் கொஞ்சம் தள்ளி. கவுன்சிலர் ஒருத்தரும் இருக்கிறார், அவரிடம் மனசில் இருப்பதைப் பேசலாம். வெம்பாக்கம் பக்கத்திலிருந்து தனகோடி அக்கா என்று ஒருவர் வருகிறார், நாற்று நட்டுக்கொண்டிருந்தவர். "எங்க வூட்டுல எல்லாரும் என்னைப் பேய் புடிச்சிருக்குதுன்னு வேப்பிலையால அடிச்சிகினு இருந்தாங்க, இங்க வந்துதான் நோய்க்குப் பேரு கெடச்சிது" என்று சொல்லிச் சிரித்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

டாக்டரம்மா முக்கியமாகச் சொல்வது ஒன்று. வலிக்கிற நாளைவிட நன்றாக இருக்கிற நாளில்தான் ஜாக்கிரதை வேண்டுமாம். தெம்பாக இருக்கிறதே என்று வீட்டைக் கழுவி, துணி துவைத்து, எல்லாவற்றையும் முடித்தால் அடுத்த ஒரு வாரம் படுக்கைதான். களைப்பு வருவதற்கு முன்னாலேயே பாதியில் நிறுத்த வேண்டும். பாவு நூலை ரொம்ப இழுத்துக் கட்டாதே என்று தறியில் என்னைத் திட்டுவீர்களே, அது மாதிரி. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து, கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். இவரும் வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து விடுகிறார். கொஞ்சம் நம்ப ஆரம்பித்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

புடவை எதற்கு அண்ணா அவ்வளவு ஜரிகை போட்டு? லேசாக ஒன்று இருந்தால் போதும் எனக்கு.

அண்ணிக்கு என் விசாரிப்பு.

ஹேமலதா


ஆரணி
15.6.2025

தங்கை ஹேமாவுக்கு சுப்பராயலு எழுதுவது. நிச்சயம் முடிந்து இங்கே எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறோம். நீ ஊர் போய்ச் சேர்ந்த விவரம்கூட எழுதவில்லை.

கோபமாகத்தான் எழுதுகிறேன், படித்துக்கொள். நிச்சயத்துக்கு நீ வந்த கோலம் என்ன? சாயம் போன பருத்திப் புடவை. வந்ததும் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டாய். தட்டு மாற்றும்போது எழுந்து வந்தாய், மறுபடி போய் உட்கார்ந்தாய். பந்தி போடுவதற்குள் கிளம்பிவிட்டாய். சம்பந்தி அம்மாள் உன் அண்ணி தேவகியைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒங்க நாத்தனாருக்கு இந்த எடத்துல இஷ்டமில்லீங்களா?" என்று கேட்டாராம். எனக்குக் காது கேட்காவிட்டாலும், யார் யாரைப் பார்த்து வாயைக் கோணுகிறார்கள் என்று கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம் அன்றைக்குத் துர்கா வாய் தவறிச் சொன்னாள். வியாழக்கிழமைதோறும் வேலூர் போகிறாயே, எந்த வழியாகப் போகிறாய்? ஆரணி வழியாக. பஸ் ஆரணி ஸ்டாண்டில் நின்று டீ குடித்துவிட்டுத்தான் போகும். இத்தனை வாரத்தில் ஒரு நாள்கூட இறங்கத் தோன்றவில்லையா? ஸ்டாண்டிலிருந்து நம் வீடு எவ்வளவு தூரம்? முன்பின் தெரியாதவர்களோடு வட்டமாக உட்கார்ந்து மூச்சு விட நேரம் இருக்கிறது, அண்ணனைப் பார்க்க நேரமில்லை. எனக்கு அது ரொம்ப வலித்தது ஹேமா.

போகட்டும். புடவை முக்கால் பாகம் ஆகிவிட்டது. லேசாகப் போதுமாம், யாரிடம் சொல்கிறாய்? என் தங்கை லேசான புடவை கட்டினால் என் தறிக்கு என்ன மரியாதை? முந்தியில் ஜரிகை அப்படி இறங்கியிருக்கிறது. கையில் தூக்கினால் குழந்தையைத் தூக்கின கனம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

சுப்பராயலு


செய்யார்
6.7.2025

அன்புள்ள அண்ணா, வணக்கம். எல்லோரும் சுகமென்று எண்ணுகிறேன். இவர்கள் இருவரும் சுகம்.

நிச்சயத்தில் நான் நடந்துகொண்டது உங்களுக்குத் தலைகுனிவு என்று படித்து ரொம்ப நேரம் அழுதேன். இஷ்டமில்லாமல் இல்லை அண்ணா. சிவசங்கரியை என் இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். அன்றைக்கு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பதற்கு அதற்கு முந்தின நாளெல்லாம் படுத்திருந்து தெம்பைச் சேர்த்துக்கொண்டு வந்தேன். இருந்ததெல்லாம் தீர்ந்துபோனது, கிளம்பிவிட்டேன்.

ஆரணியில் பஸ் நிற்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக நம் தெருப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன். இறங்கி நடந்து வந்தால் அன்றைக்கு வேலூர் போக முடியாது, மறுநாள் கம்பெனிக்கும் போக முடியாது. அண்ணன் வீட்டுக்குப் போவதற்கே கணக்குப் பார்க்கிற நிலைமை எனக்கு வந்துவிட்டதே என்று வெட்கமாக இருந்தது, அதனால்தான் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லவில்லை. இனிமேல் சொல்லாமல் முடியாது.

என்னால் பட்டு கட்ட முடியாது அண்ணா. பட்டு மட்டுமில்லை, புதுத் துணி எதுவுமே மேலே பட்டால் எரிகிறது. தையல் உடம்பில் படக் கூடாதென்று உள்பாவாடையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன். ஜாக்கெட்டில் ஹூக் இருக்கிற இடம் அடுப்பில் சுட்ட மாதிரி இருக்கும். பார்த்தால் தோலில் ஒன்றும் இருக்காது. நீங்கள் அனுப்பிய தைலத்தைத் துர்கா தேய்த்தபோது அலறிவிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். சுகமாக இருந்தது என்று உங்களுக்குப் பொய் எழுதினேன். நிறையத் துவைத்து நைந்துபோன பருத்திதான் இப்போது எனக்கு ஒத்துக்கொள்கிறது. நிச்சயத்துக்கு அதைக் கட்டி வந்ததும் அதனால்தான்.

நெய்கிறவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று மாசி மாதத்திலிருந்து தவித்துக்கொண்டிருக்கிறேன். கோபப்படாதீர்கள். கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன், நலங்கு வைப்பேன். வெள்ளையில்லாமல் நல்ல நிறத்தில் பருத்திப் புடவை ஒன்று எடுத்து, இப்போதிருந்தே துவைத்துத் துவைத்துப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பதிலுக்கு பயத்தோடு காத்திருக்கும்
ஹேமா


ஆரணி
20.7.2025

ஹேமலதாவுக்கு,

சௌக்கியம். அங்கேயும் சௌக்கியமாக இருக்கட்டும்.

கடிதத்தைத் தறியில் உட்கார்ந்துதான் படித்தேன். படித்துவிட்டு அன்றைக்கு நெய்ய நாடா எடுக்கவில்லை.

பட்டு குத்துகிறதா? நம் அப்பா நெய்தார், அவர் அப்பா நெய்தார். ஊரிலிருக்கிற பெண்களெல்லாம் கட்டிக்கொண்டு சாமி கும்பிடப் போகிறார்கள். சிசுவைப் பட்டுத் துணியில் போட்டு எடுக்கிறார்கள், அதற்குக் குத்தவில்லை. என் தங்கைக்குக் குத்துகிறது. கேட்டால் உலகம் சிரிக்கும். தேவகி படித்துவிட்டு, "பொறந்த வூட்டு உறவே வேணாம்னு வேற எப்பிடித்தான் சொல்லுவாங்க?" என்றாள். அவள் வாய் அசைந்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அண்ணன் நெய்த புடவையை ஒருத்தி வேண்டாமென்றால் நம் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான், உனக்குத் தெரியாததில்லை. உன் மனசில் அப்படி இருந்தால் நேராகச் சொல்லிவிடு. நோய் மேல் பழி போடாதே.

புடவை முடிந்து தறியிலிருந்து அறுத்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்தில் உனக்காக இருக்கும். கட்டிக்கொண்டு வந்து நின்றால் நீ என் தங்கை. அந்தப் பருத்தியில் வருவதாக இருந்தால் வரவேண்டாம். சிவசங்கரிக்கு அத்தை இல்லை என்று சம்பந்தியிடம் சொல்லிக்கொள்கிறேன்.

சுப்பராயலு


செய்யார்
17.8.2025

அண்ணனுக்கு வணக்கம். எல்லோரும் நலமாயிருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு வருகிறோம். புடவையைக் கட்டிக்கொள்கிறேன்.

ஹேமா


ஆரணி
14.9.2025

என் உயிரான தங்கச்சிக்கு அண்ணன் கோடி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் பரம சௌக்கியம். சிவசங்கரி மறுவீடு வந்து போனாள். நீ, மாப்பிள்ளை, துர்கா எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள்.

கல்யாண அலைச்சலில் எழுத முடியவில்லை. அந்த நாளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. அரக்குப் புடவையில் நீ மேடையேறி வந்தாயே, மண்டபத்தில் பெண்ணை விட்டுவிட்டு உன்னைத்தான் பார்த்தார்கள். எங்கள் முதலாளியே பக்கத்தில் வந்து முந்தியைப் பிடித்துப் பார்த்தார். நலங்கு வைத்தாய், தட்டு எடுத்தாய், முகூர்த்தம் முடிந்து கடைசிப் பந்தி வரைக்கும் நின்றாய். ஒரு நாற்காலியைத் தேடவில்லை. நான் பெருமை தாங்காமல் உன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். நீ என்னைப் பார்த்தாய், உன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எனக்கும் கலங்கிவிட்டது. அண்ணன் தங்கை பாசம் என்றால் இதுதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

பந்தியில் உன் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதில் போட்டு வைத்தேன். "பாத்தீங்களா மாப்ள, ஒரு புடவையில நோவு எல்லாம் ஓடிப் போச்சு. ஆஸ்பத்திரி கீஸ்பத்திரி எல்லாம் சும்மா. செல்லம் குடுக்காதீங்க, அவளுக்கு ஒண்ணுமில்ல" என்றேன். அவரும் தலையாட்டினார்.

போட்டோ பிரேம் போட்டுத் தறிக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். நாடா போடும்போதெல்லாம் நீ சிரிக்கிறாய். இனி வேலூருக்கு அலையாதே, அந்தச் சமயத்தில் இங்கே வந்து போ.

அண்ணன்
சுப்பராயலு


ஆரணி
12.10.2025

அன்புள்ள ஹேமாவுக்கு அண்ணன் எழுதுவது. இங்கே சுகம். அங்கே எல்லோரும் எப்படி?

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபாலில் தவறிப்போனதோ என்று போஸ்ட் ஆபீசில் போய்ச் சத்தம் போட்டேன். சிவசங்கரியை விட்டு உன் செல்லுக்குப் பேசச் சொன்னேன், நீ எடுக்கவில்லையாம். மாப்பிள்ளை எடுத்து, நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

வேலை அதிகமோ? தீபாவளிக்கு எல்லோரும் வாருங்கள். சிவசங்கரிக்குத் தலை தீபாவளி. அந்தப் புடவையையே கட்டிக்கொண்டு வா.

சுப்பராயலு


செய்யார்
2.11.2025

மாமாவுக்கு துர்கா எழுதுவது. மாமா, அத்தை எல்லாரும் நல்லா இருப்பீங்கன்னு நினைக்கிறேன். அப்பா வண்டி ஓட்டப் போயிருக்கார். அம்மா படுத்திருக்காங்க. பேனா பிடிக்க வரல, அதனால நான் எழுதறேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதின வரி இது ஒண்ணுதான்: "தீபாவளிக்கு வர முடியல, மன்னிச்சிக்குங்க அண்ணா." மீதியை அம்மாவுக்குத் தெரியாம நானே எழுதறேன்.

கல்யாணத்தன்னிக்கு விடியக்காலையில மண்டபத்து ரூம்ல அந்தப் புடவையை நான்தான் கட்டி விட்டேன். அப்பாவோட பழைய வேட்டியைக் கிழிச்சி உள்ள சுத்தினோம், பட்டு மேல படக் கூடாதுன்னு. தோள்லயும் கழுத்துலயும் சுத்த முடியல. ஒவ்வொரு மடிப்புக்கும் அம்மா பல்லைக் கடிச்சிகினு நின்னாங்க. வேணாம்மான்னு அழுதேன். "எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன்டி"ன்னு சொன்னாங்க. மேடையில நீங்க முதுகுல தட்டினீங்களே, அப்போ அம்மா அழுதது பாசத்துல இல்ல மாமா.

அப்பா காதுல மெதுவா சொன்னதா எழுதியிருக்கீங்க. உங்களுக்குக் காது கேக்காததால உங்க குரல் எவ்ளோ பெருசுன்னு உங்களுக்குத் தெரியாது. பந்தி முழுக்கக் கேட்டுது. பரிமாறிகினு இருந்தவங்க நின்னு திரும்பிப் பார்த்தாங்க. அம்மா கை கழுவற இடத்துல இருந்தாங்க, அவங்களுக்கும் கேட்டுது.

வீட்டுக்கு வந்த மறுநாள்ல இருந்து அம்மா எழுந்திரிக்கல. சிவா அக்கா ஸ்டேட்டஸ்ல போட்ட போட்டோவை கம்பெனியில சுதாகர் சார் பார்த்துட்டார். பட்டுப் புடவையில சிரிச்சிகினு நிக்கிறவங்களுக்கு உட்கார்ற வேலை எதுக்குன்னு பழையபடி நின்னு செய்யற லைன்ல போட்டாங்க. ரெண்டு நாள் போனாங்க. அப்புறம் முடியல. இப்போ பேரை எடுத்துட்டாங்க.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போப்பான்னு கேட்டேன். "கூடப் பொறந்தவரே நாலு பேர் முன்னால ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டார், இனிமே நான் எதுக்கு பேஜார் படணும்?"னு அப்பா கேட்டார். அப்பா கெட்டவர் இல்ல மாமா. டபுள் டியூட்டி பார்த்து அவரும் ஓஞ்சி போயிட்டார். நம்பாம இருக்கிறதுதான் அவருக்கும் சுலபமா இருக்குது.

அம்மா இப்போ என்கிட்டகூட வலிக்குதுன்னு சொல்றதில்ல. அதான் எனக்கு பயமா இருக்குது.

துர்கா


ஆரணி
16.11.2025

ஹேமா,

ஊர் வந்து சேர்ந்தேன். சௌக்கியம் கேட்க வாய் வரவில்லை. கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன் என்ன கேட்பது?

தறியை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். நீ தரையில் சுருண்டு படுத்திருந்தாய். துர்கா ஸ்பூனால் கஞ்சி கொடுத்தாள். தலையைத் தடவ நான் கையை நீட்டினேன், நீ கண்ணை மூடிக்கொண்டு உடம்பைக் குறுக்கினாய். அடிக்க வருகிறவனைக் கண்டால் பிள்ளைகள் அப்படித்தான் செய்யும். அதற்குப் பிறகு நான் உன்னைத் தொடவில்லை. கயிற்றில் உன் உள்பாவாடை திருப்பிப் போட்டபடியே காய்ந்துகொண்டிருந்தது. நீ எழுதியபோது நான் நம்பாததை அந்தக் கயிற்றில் பார்த்தேன்.

நீ ஏதோ சொன்னாய். எனக்குக் கேட்கவில்லை. பலமாகச் சொல் என்றேன். பலமாகச் சொல்ல உனக்குத் தெம்பில்லை. சாயந்திரம் வரை நீ படுத்தபடியும் நான் உட்கார்ந்தபடியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். என்ன சொன்னாய் என்று இந்தக் கடிதத்துக்குப் பதிலிலாவது எழுது.

மாப்பிள்ளையிடம் வாசலில் பேசினேன். அவளுக்கு நிஜமாகவே முடியவில்லை, பாருங்கள் என்றேன். அவர் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்புறம் எழுதிக் காட்டினார். "அன்னிக்கு ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?" அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் துர்கா விசாரித்துவிட்டாளாம். இடையில் நின்றுவிட்டதால் உன் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள், மறுபடி பங்குனியில்தான். அது வரைக்கும் நீ படுத்தே கிடக்க வேண்டுமா என்று கேட்க ஆளில்லை. பங்குனியில் முதல் வியாழக்கிழமை துர்கா உன்னை பஸ்ஸில் ஏற்றி உட்கார வைக்கட்டும். நான் ஆரணி ஸ்டாண்டில் நிற்கிறேன். நீ இறங்க வேண்டாம். நான் ஏறிக்கொள்கிறேன். டாக்டரம்மா சொல்வது எனக்குக் கேட்காது, எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் புடவையை உன் பீரோவிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். அது உன் கண்ணெதிரே இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இங்கேயும் வைத்துப் பார்க்க முடியவில்லை. போட்டோ பிரேமையும் கழற்றிவிட்டேன். சிவசங்கரிக்குக் கொடுத்துவிடலாம் என்கிறாள் தேவகி. முதலாளி கேட்கிறார், அவரிடம் போட்டுவிடலாமா என்றும் யோசனை. உனக்கென்று நெய்தது, நீயே சொல். என்ன செய்யட்டும்?

சுப்பராயலு


செய்யார்
14.12.2025

அன்புள்ள அண்ணனுக்கு ஹேமா எழுதுவது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். இவர் டியூட்டிக்குப் போகிறார், துர்கா பரீட்சைக்குப் படிக்கிறாள். நான் சுகமில்லை. இனிமேல் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எழுத்து கோணலாக இருக்கும். ஒரு நாளைக்கு நாலைந்து வரி என்று எழுதுகிறேன். மூச்சுப் பழக்கத்தைப் படுத்துக்கொண்டே செய்கிறேன். வாசற்படி வரை நடந்து திரும்புகிறேன். போன மாசியில் தெருக் கோடி வரை போனேன், இப்போது வாசற்படி.

அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்டிருந்தீர்கள். "விளக்கைப் போடாதே" என்று துர்காவிடம் சொன்னேன். உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பங்குனியில் நீங்கள் பஸ்ஸில் ஏறுங்கள். ஜன்னல் பக்கம் எனக்கு, பக்கத்து சீட்டு உங்களுக்கு. தோள் படாமல் தள்ளி உட்காருங்கள். அண்ணியிடம் பழைய பருத்தி வாயில் புடவை இருந்தால் ஒன்று கொண்டுவாருங்கள், நிறையத் துவைத்ததாக.

பட்டுப் புடவையை யாருக்கும் கொடுக்க வேண்டாம் அண்ணா. முதலாளிக்கும் வேண்டாம். என்னை எடுக்கிற அன்றைக்குப் பிறந்த வீட்டுக் கோடித் துணியை நீங்கள்தான் கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதையே கொண்டுவாருங்கள். அன்றைக்கு அது எனக்கு உறுத்தாது. முந்தியை நன்றாக விரித்துப் போடுங்கள், ஜரிகை எல்லோருக்கும் தெரியட்டும்.

ஆனால் இந்த நோவு ஆளைக் கொல்லாது என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அது ரொம்ப வருஷம் உங்கள் பீரோவில் இருக்க வேண்டியிருக்கும். ஒரே மடிப்பில் வைத்தால் பட்டு அந்த இடத்தில் விட்டுப்போகும். அவ்வப்போது எடுத்து மடிப்பு மாற்றி வையுங்கள்.

உங்கள் தங்கை
ஹேமலதா